முதல் ஆயிரம் கிலோமீட்டர்

"இந்தக் காலத்துக் காருக்கு ஒன்றும் பார்க்க வேண்டாம். இப்படியே 401 ஹைவேயில் ஏற்றி வீட்டுக்குப் போங்கள்." டொராண்டோவில் என் புதுக் காரின் சாவியைக் கொடுத்த விற்பனையாளர் சொன்னது இவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் இல்லை, சூடம் இல்லை. சரி, அதை ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் புது எஞ்சினை எப்படிப் பழக்குவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

இத்தனைக்கும் காருடன் வரும் கையேட்டிலேயே அது இருக்கிறது. டொயோட்டா, ஹோண்டா இரண்டுமே முதல் 1000 கிலோமீட்டருக்குத் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதே என்கின்றன. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே என்றும் டொயோட்டா சேர்த்துச் சொல்கிறது. முதல் 300 கிலோமீட்டருக்குச் சடாரென்று பிரேக் போடவும் கூடாது.

காரணம் சிலிண்டருக்குள், அதாவது எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்க்குள் இருக்கிறது. அதன் சுவரில் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கோடுகள் இழைத்திருப்பார்கள், ஆயில் தங்குவதற்காக. அந்தக் கோடுகளின் முனைகளும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும் உரசி உரசித்தான் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு தள்ளும்போது இந்த வேலை நடக்கிறது. அதனால் ரொம்பப் பயந்து உருட்டினாலும் ரிங் படியாது. சுவர் வழவழப்பாகிப் பின்னாளில் எஞ்சின் ஆயில் குடிக்கும். விரட்டினாலோ சூடேறித் தேயும். வேகத்தை மிதமாக ஏற்றி, காலை எடுத்து, மறுபடி ஏற்றி என்று மாற்றி மாற்றி ஓட்டுவதுதான் சரி.

401-ல் இதற்கு வழியே இல்லை. நெரிசல் இல்லாத நேரத்தில் வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோலைப் போட்டால் வேகம் நூறிலேயே நிற்கும். இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. பனியில் ஓட்டவும் கை வந்துவிட்டது. ஆனாலும் புதுக் கார் வாசனை மூக்கில் ஏறியதுமே நான் திருச்செந்தூர் சாலைக்குப் போய்விட்டேன். அப்பா மாருதி 800 வாங்கியதும் முதல் ஓட்டம் முருகனிடம்தான். கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர். ஊருக்கு ஊர் வேகம் குறையும், வயல்வெளி வந்ததும் ஏறும், ஆட்டுமந்தை குறுக்கே வந்தால் நின்றே போகும். எஞ்சினைப் பழக்க அதைவிட நல்ல சாலை எங்கே கிடைக்கும்? பின் சீட்டில் அம்மாவின் புளியோதரைத் தூக்குச் சட்டி. வண்டி அறுபதைத் தாண்டினால், "ரன்னிங் இன்ல விரட்டலாமா?" என்று அம்மாவே கேட்பாள். ரன்னிங் இன் என்றால் இந்தப் பழக்கும் காலம்தான்.

அப்படி ஒரு சாலையை இங்கே தேடினேன், கிடைத்தது: ஹைவே 48. மார்க்கமிலிருந்து வடக்கே ஸ்டவ்வில், பாலன்ட்ரே வழியாக சிம்கோ ஏரிப் பக்கம் போகிறது. சிக்னல், சின்ன ஊர், சோளக்காடு, சிறு ஏற்ற இறக்கம். வாரக் கடைசிகளை அதற்கென்றே ஒதுக்கினேன். மேட்டில் மெல்ல அழுத்தி, இறக்கத்தில் காலை எடுத்து ஓட்ட ஓட்ட, எஞ்சின் சத்தம் இளகி வருவது காதுக்கே தெரிந்தது. இந்த நாட்டுக்கு வந்தபின் இவ்வளவு ஆசையாக எந்தச் சாலையிலும் நான் ஓட்டியதில்லை. காலை ஏழு மணி வெளிச்சத்தில் அந்தச் சோளக்காடுகள் அவ்வளவு அழகு.

குளிரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெப்பமானி நடுவுக்கு வந்தாலும் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூடுதான். ஆயில் சூடாக இன்னும் நேரமாகும். அதனால் நிறுத்தி வைத்து உறும விடாமல், கிளம்பிப் பத்து நிமிடம் மென்மையாக ஓட்டுவது நல்லது. பால் வாங்கப் போய்த் திரும்பும் குட்டிப் பயணங்களில் ஆயில் சூடாவதே இல்லை. புது எஞ்சினுக்கு அது ஆகாது.

அப்பா வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போதெல்லாம், "எத்தன கிலோமீட்டர் ஆச்சு? ஆயிரம் வரைக்கும் விரட்டிராதல" என்பார். அதுவரை எங்களுக்குள் சண்டையே இல்லை. ஆயிரம் ஆனதும் ஆயிலை மாற்று என்று நிற்கிறார். அவர் காலத்து எஞ்சினில் முதல் ஆயிலோடு இரும்புத் தூள் நிறைய வரும். இப்போது பாகங்களைத் துல்லியமாக இழைக்கிறார்கள். முதல் சர்வீஸுக்கு முன் ஆயிலை மாற்ற வேண்டாம் என்று ஹோண்டா கையேடு தெளிவாகவே சொல்கிறது. பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். "கம்பெனிக்காரன் அப்படித்தான் சொல்லுவான்" என்று பதில் வந்தது.