உரிமம் ஓர் ஊரில், வழக்கு வேறோர் ஊரில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். நிலப் பத்திரம், உயில், விபத்து இழப்பீடு என்று வழக்கமாக வரும் கோப்புகளுக்கு நடுவே, ஐரோப்பியக் காற்பந்துப் பருவம் தொடங்கிவிட்டால் இணையப் பந்தயக் கோப்புகளும் வந்து சேரும். பையன்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அப்பாவோ அக்காவோ உடன் வருவார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: "வெளிநாட்டுல லைசென்ஸ் வாங்கித்தானே தம்பி அந்தக் கம்பெனியெல்லாம் நடத்துறாங்க, பெரிய பெரிய டீம் சட்டையிலேயே பேரு போட்டிருக்கு, எங்க பையன் செஞ்சது மட்டும் எப்படிக் குத்தமாகும்?" இதை நான் அறியாமையில் எழும் கேள்வியாக ஒருபோதும் நினைத்ததில்லை. ஐரோப்பாவின் பெரிய வழக்கறிஞர்கள் பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் வாதாடிய கேள்வியே இதுதான்.

எங்கள் வழக்கறிஞரைக் கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் இதுபற்றிப் பேச அழைப்பார்கள். அதற்கான குறிப்புகளைத் தயாரிப்பது என் பொறுப்பு. சட்டப் பிரிவுகளை அடுக்குவதைவிட, ஒரு நிறுவனத்தின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும் என்று கருதி, பிவின் என்ற இணையப் பந்தய நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். 2007 முதல் 2013 வரை ரியால் மாட்ரிட் அணியின் சட்டையில் இருந்த பெயர் அது. ரொனால்டோ அந்த அணிக்குப் போன பிறகு, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக் கடைகளில் அந்த வெள்ளைச் சட்டையின் நகல்கள் வரிசையாகத் தொங்கின. தோட்டத்துத் திடல்களில் அதை அணியாத பையன்கள் குறைவு. ஒன்றை இங்கேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். எங்கள் கோப்புகளில் வரும் இணையத்தளங்கள் வேறு. நிலையான பெயரோ முகவரியோ இல்லாதவை. அவற்றுக்கும் பிவினுக்கும் நானறிந்து எந்தத் தொடர்பும் இல்லை. உரிமம் என்பது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைக் காட்டவே இந்த வரலாறு எனக்குத் தேவைப்பட்டது.

1997இல் ஆஸ்திரியாவில் 'பெட் அண்ட் வின்' என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2000ஆம் ஆண்டு வியன்னா பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2006இல் பிவின் என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது. பந்தயத்தை நடத்தும் உரிமத்தை அது ஜிப்ரால்டரில் வைத்திருந்தது. ஸ்பெயினின் தென்முனையில், பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட அந்தச் சிறு நிலத்தில் வரி குறைவு. அப்போது அது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் எல்லைக்குள்ளும் இருந்தது. ஒன்றியத்தின் ஒரு பகுதியில் முறையாக உரிமம் பெற்றவர் மற்ற நாடுகளிலும் சேவை வழங்கலாம் என்பதே இத்தகைய நிறுவனங்கள் அனைத்தின் வாதம். உரிமம் ஜிப்ரால்டரில், பங்குதாரர் வியன்னாவில், பந்தயம் கட்டுபவர் பாரிஸிலோ லிஸ்பனிலோ என்ற அமைப்பின் மீதுதான் அந்தத் தொழில் எழுந்தது.

அந்த அமைப்புக்கு முதல் பெரிய அடி 2006 செப்டம்பரில் விழுந்தது. மொனாக்கோ காற்பந்துக் குழுவுடன் விளம்பர ஒப்பந்தத்தை அறிவிக்கப் போன பிவினின் தலைமை நிர்வாகிகள் இருவரையும் பிரெஞ்சுக் காவல்துறை அந்தக் குழுவின் பயிற்சித் திடலில் கைது செய்தது. பிரான்சில் அப்போது விளையாட்டுப் பந்தயம் அரசு சார்ந்த ஒரு நிறுவனத்தின் தனியுரிமை. அடுத்த மாதமே அமெரிக்காவில், துறைமுகப் பாதுகாப்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்ட ஒரு பகுதி, சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்குப் பணம் செல்லும் வழிகளை அடைத்தது. லண்டன் பங்குச் சந்தையில் பார்ட்டிகேமிங் என்ற இணையச் சூதாட்ட நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் பாதிக்கும் மேல் மதிப்பிழந்தது. ஆயினும் பிரான்ஸ் 2010இல் தன் சட்டத்தை மாற்றி உரிமங்களை வழங்கியபோது, அவற்றைப் பெற்றவர்களில் பிவினும் ஒன்று. நான்கே ஆண்டுகளில் நிர்வாகிகளைக் கைது செய்த நாடே உரிமம் கொடுத்தது என்று கூட்டத்தில் சொல்லும்போது, பின்வரிசையில் நிற்கும் இளைஞர்கள் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரியும். அதனாலேயே எங்கள் வழக்கறிஞர் அங்கே நிறுத்தாமல் உடனே போர்த்துகல் வழக்குக்குப் போய்விடுவார்.

அந்தத் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் மிகவும் தெளிவானது அது. போர்த்துகலில் அப்போது லாட்டரியும் விளையாட்டுப் பந்தயமும் லிஸ்பனின் பழமையான அறநிலையமான சாண்டா காசாவின் தனியுரிமையாக இருந்தன. பிவின் அங்குள்ள காற்பந்து லீக்கின் விளம்பரதாரராகி, இணையத்தின் வழியாகப் பந்தயமும் ஏற்றது. லீக்குக்கும் பிவினுக்கும் தலா ஏறக்குறைய 75,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்று, 2009 செப்டம்பர் 8ஆம் தேதி தீர்ப்பானது. வேறொரு நாட்டில் உரிமம் பெற்று அங்கே கண்காணிக்கப்படுகிறது என்பது மட்டுமே தன் மக்களை மோசடியிலிருந்து காக்கப் போதுமான உத்தரவாதம் என்று ஒரு நாடு ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கூறியது. தான் பந்தயம் ஏற்கும் போட்டிக்கும் அணிக்கும் தானே பணம் கொடுக்கும் நிறுவனம், அந்தப் போட்டியின் முடிவை நேரடியாகவோ மறைமுகமாகவோ பாதிக்கக்கூடிய நிலையில் இருக்க வாய்ப்பிருக்கிறது என்றும் சொன்னது. சட்டையில் இருக்கும் பெயரை நம்பிக்கைக்குரிய அடையாளமாக நம் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். நீதிபதிகளோ அதையே எச்சரிக்கைக்குரிய காரணமாகப் பார்த்தார்கள். ஒரே சந்தைக்குள் இணைந்திருந்த ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலேயே உரிமம் எல்லை தாண்டிச் செல்லவில்லை என்றால், மலேசியாவுக்கு அது எப்படி வந்து சேரும்?

நம் சட்டங்கள் இன்னும் பழையவை. பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டமும் 1953ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. இணையம் இல்லாத காலத்தில் எழுதப்பட்டு இன்றும் அவற்றின் கீழேதான் குற்றம் சாட்டப்படுகிறது. ஆனால் இந்த நாடு சூதாட்டத்தை முற்றாக ஒதுக்கியதும் இல்லை. கெந்திங் மலையில் சூதாட்ட விடுதி இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் டோட்டோ என்ற எண் லாட்டரி நிறுவனத்தை 1969இல் அரசாங்கமே தொடங்கி, 1985இல் தனியாருக்குக் கொடுத்தது. எங்கள் பட்டணத்திலேயே நம்பர் கடைக்குப் போய் வருபவர்கள், அது அனுமதிக்கப்பட்டதென்றால் காற்பந்துப் பந்தயம் ஏன் கூடாது என்று கேட்கிறார்கள். அதற்கு அருகில் நாடு ஒருமுறை போனது. 2010 மே மாதம், அஸ்கோட் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கு விளையாட்டுப் பந்தய உரிமம் கிடைக்கப்போகிறது என்ற செய்தி பெர்ஜாயா குழுமத்தின் பங்குச் சந்தை அறிவிப்பில் வெளியானது. கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜூன் மாத இறுதியில், உலகக் கிண்ணப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, உரிமம் வழங்கப்படாது என்று பிரதமர் நஜிப் அறிவித்தார். அந்த முடிவு சரியானது என்பது என் கருத்து. அதோடு, உரிமம் இல்லாத இடத்தில் பந்தயம் நின்றுவிடுவதில்லை என்பதையும் எங்கள் கோப்புகள் காட்டுகின்றன.

அங்கே நடப்பது இதுதான். மேலிருந்து ஒரு ஏஜென்ட்டுக்குக் கிரெடிட் வரும். அவர் தமக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து, இத்தனை வெள்ளி வரை பந்தயம் கட்டலாம் என்று வரம்பு வைப்பார். கையில் பணமே இல்லாத பையனும் விளையாடலாம். வாரத்துக்கு ஒருமுறை கணக்குத் தீர்க்க வேண்டும். தீர்க்க முடியாதவன் ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் போவான், அல்லது அந்த ஏஜென்ட்டுக்கே ஆள் பிடித்துக் கொடுப்பான், அல்லது தன் ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் சிறு தொகைக்குக் கொடுத்துவிடுவான். பிறகு அந்தக் கணக்கின் வழியே யாருடைய பணம் எங்கே போனது என்பது அவனுக்கே தெரியாது. கழுதைக் கணக்கு என்று செய்தித்தாள்களில் வருவது இதைத்தான். 2024இல் தண்டனைச் சட்டத் தொகுப்பு திருத்தப்பட்டு, கணக்கை இப்படிப் பிறர் கையில் கொடுப்பது தனிக் குற்றமாகவே ஆக்கப்பட்டிருக்கிறது.

இத்தாலியில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்காகக் கடை வைத்துப் பந்தயம் ஏற்ற சிறு ஏஜென்ட்டுகள் மீதும் இதேபோல் குற்றவியல் வழக்குகள் போடப்பட்டன. பிளாசனிகா வழக்கு என்று அறியப்படும் அதில், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களுக்கு உரிமமே தராமல் விலக்கிவிட்டு, உரிமம் இல்லை என்று அவற்றின் ஏஜென்ட்டுகளைத் தண்டிக்க முடியாது என 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஏஜென்ட்டுகளின் பின்னால் பெயரும் முகவரியும் உடைய ஒரு நிறுவனம் இருந்தது. கோல கங்சார் நீதிமன்றத்தில் நிற்கும் எங்கள் பையனுக்குப் பின்னால் அப்படி எவரும் இல்லை; அவன் பெயர் மேலே இருப்பவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. அவனுடைய அப்பா சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில்தான் அபராதம் கட்டப்படுகிறது.

பிவினின் பிற்காலம் இணைப்புகளின் காலம். 2011இல் பார்ட்டிகேமிங்கோடு சேர்ந்தது. 2016இல் ஜிவிசி என்ற இன்னொரு பந்தய நிறுவனம் அதை வாங்கியது. 2018இல் லாட்புரோக்ஸ் கோரல் நிறுவனத்தையும் வாங்கிய ஜிவிசி, 2020 இறுதியில் என்டெய்ன் என்று பெயர் மாறியது. அந்தக் குழுமம் 2017இலேயே விற்றுவிட்ட துருக்கித் தொழிலில் லஞ்சத்தைத் தடுக்கத் தவறியதாக எழுந்த விசாரணை, 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு வழக்கறிஞர் துறையுடன் செய்த உடன்பாட்டில் முடிந்தது. 58.5 கோடி பவுண்டை, நம் பணத்தில் மூன்று பில்லியன் வெள்ளிக்கும் மேலான தொகையை, நான்கு ஆண்டுகளில் செலுத்த ஒப்புக்கொண்டது. நிபந்தனைகளை நிறைவேற்றினால் வழக்கு தொடரப்படாது, குற்றத் தீர்ப்பும் பதிவாகாது. பிரிட்டனின் சட்டத்தில் இந்த ஏற்பாடு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது, தனிமனிதருக்கு இல்லை. இந்தப் பகுதியைக் குறிப்பில் சேர்ப்பதா என்று நாங்கள் யோசித்தோம். இளைஞர்கள் மனம் கசந்துவிடக்கூடும் என்று எங்கள் வழக்கறிஞர் தயங்கினார். உள்ளதை உள்ளபடி தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்று நான் வற்புறுத்தினேன், சேர்த்தோம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய பையன்களில் சிலர், பிறகு அரசாங்க வேலைக்கோ சிங்கப்பூர் வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது மறுபடியும் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். குற்றப் பதிவு உண்டா என்று படிவம் கேட்டால் உண்மையை எழுதச் சொல்கிறோம். தீர்ப்பின் நகலையும், அபராதம் செலுத்திய ரசீதையும், வழக்கின் விவரத்தை ஒரு பக்கத்தில் விளக்கும் கடிதத்தையும் இணைத்துக் கொடுக்கிறோம். அந்தக் கடிதத்துக்கு எங்கள் வழக்கறிஞர் கட்டணம் வாங்குவதில்லை.