அப்பாவின் மூன்று மீட்டர்

ஜூன் 4, 2024

அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இதைச் சொன்ன மருத்துவமனையில் சீட்டில் இருந்த 79 என்ற வயதை மட்டும் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள்" என்றார்கள். அவரை எழுந்து நிற்கக்கூடச் சொல்லவில்லை. அண்ணன் அப்பாவிடம் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருக்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஜூன் 11

அப்பாவை வேறொரு மருத்துவமனைக்குக் கூட்டி வந்தோம். இங்கே புற்றுநோய் மருத்துவரோடு முதியோர் மருத்துவரும் சேர்ந்து பார்க்கிறார். முதல் ஒரு மணி நேரம் கீமோ என்ற பேச்சே எழவில்லை. எடை எவ்வளவு குறைந்தது, சாப்பாடு இறங்குகிறதா, மறதி உண்டா என்று எட்டுக் கேள்விகள். மொத்தம் 17 மதிப்பெண். 14-க்கு மேல் வராவிட்டால் முழுப் பரிசோதனை வேண்டும். அப்பாவுக்கு 9.

அடுத்து, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். எழ முயன்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். கைப்பிடியை ஊன்றித்தான் எழ முடிந்தது. திரும்புகிற இடத்தில் இடது கை சுவரைத் தேடி நீண்டது. 19 நொடி. பன்னிரண்டு ஆனாலே விழுந்துவிடும் ஆபத்து உண்டாம். ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கையை நான் கவனித்ததே இல்லை.

மஞ்சள் பையைக் கவிழ்த்தோம். பதினோரு மாத்திரைகள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று உடனே நிறுத்தினார்கள். தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்கள்; இரவில் தள்ளாட வைப்பது அதுவாக இருக்கலாம்.

"அவரிடம் சொல்லாமல் மருந்து ஏற்ற மாட்டேன்" என்றார் மருத்துவர். அண்ணன் வெளியே போய்விட்டான். மருத்துவர் மெதுவாகச் சொல்லி முடித்ததும், "வயிற்றுப்புண்ணுக்கு இத்தனை பேர் கூட வர மாட்டார்களே, ஐயா. தெரியும்" என்றார் அப்பா.

"உங்களுக்கு எது முக்கியம்?"

"கொல்லைக்கு நானே எழுந்து போக வேண்டும்."

மருத்துவர் அதைச் சீட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஜூன் 27

இரண்டு வாரமாக முட்டை, சுண்டல், நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சி. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் இறங்கியிருக்கிறது. மருந்தை 60 சதவீத அளவில் தொடங்குகிறார்கள். அரைகுறை வைத்தியமோ என்று பயந்து கேட்டேன். பிரிட்டனில் முழு கீமோவைத் தாங்க முடியாத 514 பேருக்கு இதே ஆக்ஸாலிபிளாட்டின், கேப்சிடபைன் மருந்துகளை மூன்று அளவுகளில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2021-இல் வெளியான முடிவு: குறைந்த அளவும் நோயை ஏறக்குறைய அதே காலம் பிடித்து வைத்தது, பக்க விளைவு குறைவு. குணமாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிற நாளை அவர் படுக்கையில் கழிக்காமல் இருந்தால் போதும் எனக்கு.

ஜூலை 3

மருந்து ஏற்றி ஐந்து நாள். காலையில் பானைத் தண்ணீரைத் தொட்டவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். ஊசி குத்துவது போல இருந்ததாம். குளிர்ச்சி ஆகாது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். பானையை மூடிவிட்டு வெதுவெதுப்பாக ஆற்றிக் கொடுத்தேன். வாந்தி இல்லை. இரண்டு இட்லி இறங்கியது.

கூடத்தில் மூன்று மீட்டர் அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறான் அண்ணன். இன்று 16 நொடி. கையில் கடிகாரம் வைத்து எண்ணியதும் அவன்தான். வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை. வெந்நீர் பிளாஸ்க்கை மறக்கக் கூடாது.