மீட்டுக் காட்டுங்கள், விலையை அப்புறம் பேசலாம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பையர் அனுப்பும் டெக் பேக் (ஆடையின் அளவும் விவரமும் சொல்லும் குறிப்பு), பேட்டர்ன், துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று காட்டும் மார்க்கர் கோப்புகள், ஷிப்மென்ட் பேப்பர்கள், டேலி கணக்கு, கம்பெனி வேலை முழுவதையும் பதியும் ஈஆர்பி மென்பொருள் எல்லாம் ஒரே சர்வர் அறையில் இருந்தன. மார்க்கர் கிடைக்கவில்லை என்றால் கட்டிங் மேசையில் விரித்த துணி அப்படியே கிடக்கும். கட்டிங் நின்றால் பின்னாலேயே தையலும் செக்கிங்கும் பேக்கிங்கும் நிற்கும். அதனால் பேக்அப்பை வெளியே ஒரு சேவையிடம் ஒப்படைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, அந்தத் தேர்வை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலாளி முதலில் கேட்டது நியாயமான கேள்வி. “ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல எழுதுற ரெய்டு போட்டிருக்கோமே தம்பி, ஒரு டிஸ்க் போனா இன்னொண்ணு இருக்குதல்ல?”

“டிஸ்க் போனா சரிங்க சார். யாராச்சும் ஃபோல்டரை அழிச்சா ரெண்டுலயும் சேர்ந்தே அழிஞ்சிருமுங்க. வைரஸ் வந்து பூட்டினாலும் அப்படித்தானுங்க.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

விலைப்பட்டியலோடு வந்தவர்கள் எல்லோரும் டெராபைட்டில்தான் பேசினார்கள். இத்தனை டெரா, மாதம் இவ்வளவு. எனக்கு அந்தக் கணக்கில் பெரிய அக்கறை இல்லை. வைப்பதற்கு இன்று செலவு குறைவு. திரும்ப எடுக்கும்போதுதான் நேரமும் பணமும் போகிறது. எல்லோரிடமும் ஒரே நிபந்தனை வைத்தேன். எங்கள் தரவில் ஒரு பகுதியைத் தருகிறேன், பேக்அப் எடுங்கள், ஒரு வாரம் கழித்து எங்கள் கண்முன்னால், எங்கள் இன்டர்நெட் லைனிலேயே, வேறொரு கணினியில் மீட்டுக் காட்டுங்கள். விலையை அப்புறம் பேசலாம்.

சிலர் அதோடு வரவில்லை. ஒருவர் மீட்டுக் காட்டினார். கோப்புகள் எல்லாம் வந்தன, ஈஆர்பி மட்டும் திறக்கவில்லை. எங்கள் ஈஆர்பி, எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை மற்றக் கோப்புகளைப் போலக் காப்பி எடுத்தால் அது பயன்படாது. தரவுத்தளத்துக்கே உரிய முறையில் எடுக்க வேண்டும். தினமும் பச்சை டிக்கோடு ‘பேக்அப் முடிந்தது’ என்று அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலில் இது தெரியவே தெரியாது.

இன்னொரு கணக்கையும் மீட்டிங்கில் போர்டில் எழுதிக் காட்டினேன். எங்களிடம் இருப்பது ஏறக்குறைய 4 டெராபைட். 100 எம்பிபிஎஸ் லைனில், வேறு யாரும் அதைத் தொடாமல் இருந்தால்கூட, அத்தனையும் இறங்க 89 மணி நேரம் ஆகும். கிட்டத்தட்ட 4 நாள். ஷிப்மென்ட் வாரத்தில் 4 நாள் என்றால் சரக்கைக் கப்பலுக்குப் பதிலாக விமானத்தில் அனுப்ப நேரிடும். லாபம் அங்கேயே போய்விடும். ஆகவே கிளவுடில் ஒரு பிரதி, அதோடு பக்கத்துக் கட்டடத்தில் வேகமாக எடுக்க இன்னொரு பிரதி என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எவ்வளவு இழப்பைத் தாங்கலாம் என்று ஒவ்வொரு பிரிவிலும் போய்க் கேட்டதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. அக்கவுண்ட்ஸில் இருக்கும் அக்கா, “ஒரு நாள் கணக்குப் போனா வவுச்சரைப் பார்த்து ராத்திரிக்குள்ள போட்டுருவோம், ரெண்டு நாள்னா முடியாதுப்பா” என்றார். பேட்டர்ன் மாஸ்டருக்கு ஒரு மணி நேர வேலை போவதே அதிகம். துணி மிச்சப்படுத்த அவர் ஒவ்வொரு மார்க்கரையும் எத்தனை முறை மாற்றி அடுக்குகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஆகவே பேட்டர்ன் பிரிவுக்கு மணிக்கு ஒருமுறை, கணக்குக்குத் தினம் ஒருமுறை என்று முடிவானது. முடிந்த ஆர்டர்களின் பழைய கோப்புகளை அடிக்கடி எடுக்காத கோப்புகளுக்கென்றே இருக்கும் மலிவான குளிர் சேமிப்பில் வைத்தோம். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் போன்றவற்றில் கேட்டவுடன் கோப்பு வராது, வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை ஆகலாம். 180 நாளுக்கு முன் அழித்தாலும் முழு 180 நாளுக்குமான கட்டணம் உண்டு. பழைய கோப்புக்கு அது பரவாயில்லை.

கணக்குப் புத்தகத்துக்குச் சட்டமும் இருக்கிறது. மின்னணு முறையில் வைக்கும் கணக்குகளின் பேக்அப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனிகள் கணக்கு விதிகளைத் திருத்தினார்கள். தரவு எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதித் தராதவர்களை அதனாலேயே ஒதுக்கினேன்.

எந்த ஊர் என்பது சட்டத்துக்காக மட்டும் கேட்பதில்லை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்அப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து போனது. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்து, அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஜி-டிரைவில் 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்பதால் வெளியே பிரதி வைக்கவில்லை என்றார்கள். அதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை. எத்தனை பேர் எத்தனை வருடம் உழைத்த வேலை அது!

தீ ஒரு பக்கம். 2014-இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் கிளவுட் கணக்குக்குள் புகுந்த ஒருவன் தரவையும் பேக்அப்பையும் சேர்த்தே அழித்தான். நிறுவனத்தையே மூட வேண்டியதாயிற்று. ஆகவே குறிப்பிட்ட நாள் வரை நிர்வாகியே நினைத்தாலும் அழிக்க முடியாத பூட்டு வேண்டும் என்று கேட்டேன். பேக்அப்புக்குள் நுழையும் கடவுச்சொல், ஆபீஸில் மற்றதற்குப் பயன்படுத்தும் கடவுச்சொல்லாக இருக்கக் கூடாது. பூட்டிய பேக்அப்பைத் திறக்கும் குறியாக்கச் சாவியை அச்சிட்டு ஒட்டிய உறையில் ஒன்றை முதலாளியிடமும் இன்னொன்றை வங்கி லாக்கரிலும் வைத்தோம். சேவைக்காரரிடம் மட்டும் சாவி இருந்தால் தரவு நம்முடையது என்று சொல்ல முடியாது.

கடைசியாகப் பார்த்தது, பிரியும்போது என்ன நடக்கும் என்பது. ஒப்பந்தம் முடிந்தால் தரவை எந்த வடிவத்தில், எத்தனை நாளில் தருவீர்கள், இறக்கிக்கொள்ளத் தனிக் கட்டணமா? “எங்க சாஃப்ட்வேர்ல மட்டும்தான் சார் திறக்கும்” என்றார் ஒருவர். அவர் சொன்ன விலைதான் எல்லாவற்றிலும் குறைவு. வேண்டாம் என்றேன், முதலாளியும் ஒப்புக்கொண்டார்.

தேர்ந்தெடுத்த சேவை விலையில் நடுவாந்தரம். காலாண்டுக்கு ஒரு ரீஸ்டோர் சோதனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எதை மீட்க வேண்டும் என்று அன்று காலையில்தான் சொல்வோம். பேட்டர்ன் மாஸ்டர் தேர்ந்தெடுப்பார், வந்த கோப்பை அவரே திறந்து பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார். முழு சர்வரையும் வருடம் ஒருமுறை மீட்டுக் காட்டுவதற்கு இப்போது தனியாகப் பணம் கேட்கிறார்கள். அடுத்த புதுப்பித்தலில் அதையும் உள்ளேயே சேர்க்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.