வட்டார வழக்கு அகராதியை ஸ்டைல்களால் பக்கமாக்கிய அனுபவம்

கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பல்லாண்டுகளாகத் தொகுத்து வந்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி, ஈரோட்டில் நான் பணிபுரியும் டி.டி.பி. நிலையத்துக்குப் பக்க வடிவமைப்புக்காக வந்தது. ஒவ்வொரு பதிவிலும் தலைச்சொல், இலக்கணக் குறிப்பு, பொருள் ஆகியவை ஒரு பத்தியாகவும், பேச்சுவழக்கு எடுத்துக்காட்டு இருந்தால் அது அடுத்த பத்தியாகவும் அமைந்திருந்தன. இத்தகைய நூலில் ஒவ்வொரு சொல்லாகத் தெரிவுசெய்து தடிப்பாக்குவது வீண் உழைப்பு என்பதால், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் முழுவதையும் ஸ்டைல்களைக் (பெயரிட்டுச் சேமித்த வடிவமைப்புத் தொகுப்புகளை) கொண்டே செய்யத் தீர்மானித்தேன்.

முதலில் 'அடிப்படை' என்றொரு பத்தி ஸ்டைலை உருவாக்கி, எழுத்துரு, அளவு, வரி இடைவெளி ஆகியவற்றோடு எழுத்துகளை உரிய வரிசையில் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரையும் அதிலேயே அமைத்தேன். 2012-இல் வெளிவந்த சி.எஸ்.6 முதல் இந்திய மொழிகளுக்குக் கைகொடுத்து வரும் இந்த அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால், யூனிகோடு தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். மற்ற ஸ்டைல்கள் அனைத்தையும் 'அடிப்படை'யைச் சார்ந்தவையாக வைத்து, ஒவ்வொன்றிலும் வேறுபடும் பண்பை மட்டும் மாற்றினேன். பின்னர் பக்கங்களைக் குறைக்கும்படி ஆசிரியர் கேட்டபோது, 11 புள்ளி அளவை 10.5 ஆக்குவதற்கு அந்த ஓரிடத்தைத் தொட்டதே போதுமானதாக இருந்தது.

காலம் பிடித்தது பிரதியை ஒழுங்குபடுத்துவதில்தான். 'ஒரம்பரை' என்ற சொல்லை அடுத்து ஒரு டேப், பின்னர் 'பெ.' (பெயர்ச்சொல்) என்ற குறிப்பு, அதன்பின் 'விருந்தினர், உறவினர்' என்ற பொருள் என்று ஒரு பதிவு இருந்தால், 'பொடக்காளி'யில் டேப் இருக்க வேண்டிய இடத்தில் நான்கைந்து வெற்றிடங்கள் இருந்தன. 'அட்டாலி'யில் குறிப்புக்குப் பின் புள்ளியே இல்லை. பத்தியின் குறிப்பிட்ட பகுதிகளுக்குத் தானாக எழுத்து ஸ்டைல் இடும் நெஸ்டட் ஸ்டைல் இங்கே டேப்பையும் புள்ளியையும் எல்லையாகக் கொண்டுதான் இயங்கும் என்பதால், இவை சீராகும்வரை வடிவமைப்பைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஜிரெப் தேடலால் (குறிப்பிட்ட எழுத்து அமைப்பைக் கொண்டு தேடும் முறையால்) வெற்றிடங்களை டேப்பாக மாற்றிவிட்டேன். விடுபட்ட புள்ளிகளை ஆசிரியர் ஐயாவே பொறுமையாக உடனமர்ந்து சரிபார்த்துத் தந்தார்.

அதன்பின் வேலை விரைந்தது. முதல் டேப் வரை மாற்றமில்லை, அடுத்த புள்ளி வரை இலக்கணக் குறிப்பின் எழுத்து ஸ்டைல் என்று நெஸ்டட் ஸ்டைலில் வரையறுத்தேன். அக்குறிப்புக்குச் சாய்வெழுத்தைத் தவிர்த்து, மெல்லிய எழுத்தைச் சற்றுச் சிறிய அளவில் பயன்படுத்தினேன். தனியாக வரையப்பட்ட சாய்வு வடிவம் இல்லாத தமிழ் எழுத்துருவை வலிந்து சாய்த்தால் சுழிகள் உருக்குலைந்து தெரிகின்றன.

தலைச்சொற்களுக்கு மட்டும் தேடி-மாற்றும் வசதியின் மூலம் எழுத்து ஸ்டைலை நேரடியாக இட்டேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அப்பக்கத்தின் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் தாமாக வர வேண்டும் என்று ஆசிரியர் விரும்பியிருந்தார். அந்த எழுத்து ஸ்டைலைச் சுட்டி, அந்த ஸ்டைலில் உள்ள சொல்லைப் பக்கத் தலைப்பில் தானாகக் காட்டும் 'ரன்னிங் ஹெட்டர்' என்ற மாறி (variable) அதை நிறைவேற்றியது. எல்லாப் பதிவுகளிலும் எடுத்துக்காட்டு இல்லாததால், ஒரு ஸ்டைலுக்குப் பின் அடுத்த ஸ்டைல் தானாக வரும் வசதி இங்கே பயன்படவில்லை. மாறாக, 'எ-டு:' என்று தொடங்கும் பத்திகளைத் தேடி எடுத்துக்காட்டு ஸ்டைலை இட்டு, அது முந்தைய பத்தியோடு சேர்ந்தே நிற்குமாறு அமைத்தேன். "ஊட்டுக்கு ஒரம்பரை வந்திருக்குதுங்க" என்ற வரி தன் சொல்லைப் பிரிந்து அடுத்த பக்கத்துக்குப் போவதை இது தடுத்தது.

இறுதி ப்ரூஃபுக்கு முன், ஸ்டைல் பெயரின் அருகே கூட்டல் குறி தோன்றிய பத்திகளைத் தேடிப் பார்த்தேன். வேர்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த, ஸ்டைலை மீறிய வடிவ மாற்றங்களின் அடையாளம் அது. ஆசிரியர் வேண்டுமென்றே வேறுபடுத்திக் காட்டிய இடங்களுக்குத் தனி எழுத்து ஸ்டைல் கொடுத்துவிட்டு, எஞ்சியவற்றை நீக்கினேன்.