இளவரசரை முதலை தின்றது, மறுநாள் காலை அவர் இட்லி கேட்டார்

மூன்று வாரமாக வேளச்சேரி பறக்கும் ரயிலில் போகும்போதும் வரும்போதும் ஒரு இளவரசரைக் கடத்திக்கொண்டிருக்கிறேன். அடுத்து என்ன என்று வாசகரே தேர்ந்தெடுக்கும் கிளைக்கதை, அதில் கடத்துகிற பூதம் நீங்கள்தான். தூக்கிவந்த பிறகுதான் தெரிகிறது, இளவரசர் வாயே மூடமாட்டார், அரண்மனையில் அவர் போனதில் அத்தனை பேருக்கும் நிம்மதி. ஆயிரம் பொற்காசு கேட்டு ஓலை அனுப்பினால் மந்திரியிடமிருந்து பதில் வருகிறது: "நீங்களே வெச்சுக்கோங்க, சாப்பாட்டுச் செலவுக்கு மாசம் அம்பது காசு தர்றோம்."

ரயிலில் ஃபோனில் குறிப்பெடுத்து, ராத்திரி லேப்டாப்பில் ட்வைனில் ஏற்றுவேன். கிளைக்கதை எழுதுவதற்கென்றே 2009-ல் கிறிஸ் கிளைமாஸ் உருவாக்கிய இலவச மென்பொருள் அது. ஒரு வரியை [[இப்படி]] அடைத்தால் போதும், அது இணைப்பாகி, அடுத்த காட்சியை எழுதப் பக்கத்தில் ஒரு புதுப் பெட்டி முளைக்கும். முளைக்கிறதே என்று விட்டால் தொலைந்தோம். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வழி வைத்தால் பத்தாவது கட்டத்தில் 1,024 முடிவுகள், அதை எழுதி முடிப்பதற்குள் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான். அதனால் கிளைகளை அங்கங்கே பிடித்து ஒரே காட்சிக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வேதாளம் இதை என்றைக்கோ செய்துவிட்டது, எந்தக் கதை சொன்னாலும் கடைசியில் அதே முருங்கை மரம்.

காமெடிக்குத்தான் ரொம்பத் திண்டாடினேன். முதலில் "சண்டை போடு", "ஓடிவிடு" என்று வைத்திருந்தேன், படித்த நண்பன் கொட்டாவி விட்டான். தேர்வு வரியிலேயே சிரிப்பு இருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. இப்போது அரண்மனை வாசலில் இருப்பவை: "கதவை உடை", "கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போய் ஜன்னலை உடை". இதுவரை படித்த எல்லோரும் இரண்டாவதைத்தான் அழுத்தினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஃபோனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதை அழுத்தினாலும் "இது சரியாடா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். நான் பத்து நாள் செதுக்கிய மந்திரி வசனத்தைச் சிரிக்காமல் தாண்டினார். அகழியில் இளவரசரை முதலைக்குப் போட்டார், கொஞ்சம் கூடத் தயங்கவில்லை. அடுத்த பக்கம் காலைச் சாப்பாடு, எல்லாக் கிளையும் வந்து சேர்கிற இடம். இளவரசர் உட்கார்ந்து இன்னும் இரண்டு இட்லி கேட்கிறார்.

முதலை தின்றதா இல்லையா என்று நினைவில் வைக்க ஒரு மாறி (வேரியபிள்) வைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன், அம்மாவுக்கோ சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. "செத்தும் சட்னி கேக்குறான் பாரு!"

அன்று ராத்திரியே மாறியைச் சேர்த்தேன், ஆனால் இளவரசரை எடுக்கவில்லை. முதலைக்குப் போட்டவர்களுக்கு மட்டும் இப்போது அவர் சொட்டச் சொட்ட நனைந்து வந்து உட்காருகிறார், பக்கத்து இலையில் முதலை. அதற்குக் காரம் ஆகாதாம், சட்னி வேண்டாம், சாம்பார் போதும்.