புங்க இலையில் முளைக்கும் முடிச்சுகள்

சில புங்க மரங்களில் ஒரு இலைகூட சமமாக இருக்காது. குட்டி விரல் நுனிகள் முளைத்த மாதிரி இலை முழுக்கப் புடைத்துக்கொண்டு நிற்கும். முதல் தடவை பார்த்தபோது மரமே போய்விடும் என்று பயந்து, கைக்கு எட்டிய இலைகளையெல்லாம் பறித்துப் போட்டேன். அது தப்பு, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்புறம் ஒரு முடிச்சைப் பிளேடால் வெட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள்ளே வெற்றிடம், மெல்லிய ரோமங்கள், அவற்றுக்கு நடுவே தூசு மாதிரி வெளிறிய புள்ளிகள். அந்தத் தூசுதான் ஈரியோபைட் சிலந்திப்பேன். நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர், உடம்பு புழு போல. மற்ற சிலந்திப்பேன்களுக்கு வளர்ந்தபின் எட்டுக் கால், இதற்கு நாலே கால், அதுவும் தலைப்பக்கத்தில் மட்டும். காற்றடித்தால் அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

இவ்வளவு சின்னது எப்படி இலையையே வளைக்கிறது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. இளந்தளிரில் ஊசி போன்ற வாயால் குத்திச் சாறு உறிஞ்சும்போது அதன் உமிழ்நீரும் உள்ளே போகிறது, உடனே அந்த இடத்துச் செல்கள் தாறுமாறாகப் பெருகி, பேனைச் சுற்றி ஒரு அறையையே கட்டிவிடுகின்றன. சாப்பாடும் அங்கேயே, முட்டையும் அங்கேயே. கட்டுவது மரம், குடியிருப்பது பேன்! (மாசிக்காயும் இப்படி ஒரு முடிச்சுதான், ஆனால் அது ஓக் மரத்தில் ஒரு குளவி உண்டாக்குவது.)

முற்றிய இலையில் இந்தப் பேனால் முடிச்சு உண்டாக்க முடியாது, தளிர்தான் வேண்டும். ஆகவே நம் கண்ணில் முடிச்சு படும்போது வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும், அதற்குமேல் மருந்து அடித்தாலும் புடைப்பு அடங்காது, உள்ளே இருப்பதன்மேல் மருந்து சரியாகப் படவும் படாது. வெளியே சுற்றி இந்தப் பேன்களைத் தின்னும் வேறு சிலந்திப்பேன்கள்தான் சாகும். முடிச்சு விழுந்த இலையும் பச்சையாக இருக்கும்வரை மரத்துக்கு உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது, அதைத்தான் நான் கூடை கூடையாகப் பறித்தேன்.

எல்லா மரத்துக்கும் இப்படி விட்டுவிட முடியாது. லிச்சியில் இதன் உறவுக்காரப் பேன் ஒன்று இலையின் அடியில் பழுப்பு வெல்வெட் மாதிரி ரோமங்களை முளைக்க வைத்து, இலையைச் சுருட்டி, காய்ப்பையும் கெடுக்கும். அங்கே பாதித்த கிளைகளை வெட்டி அழிப்பது அவசியம்.

அந்தப் புங்கம் மறுபடி தளிர் விட்டிருக்கிறது. இரண்டு மூன்று இலைகளில் ஊசிமுனை அளவுக்குப் புடைக்க ஆரம்பித்தாயிற்று. இந்த முறை கை வைக்கவில்லை, தினமும் லென்ஸோடு போய்ப் பார்க்கிறேன்.