ஈரம் காயும் வரை

ஜூன் 2

பன்னிரண்டாம் தேதி வீடு மாறுகிறோம். சாமான்களைப் புது வீட்டில் இறக்கிய மறுநாளே மூன்று வாரப் பயணம் இருப்பதால், குளிர்சாதனப் பெட்டி வண்டியிலும் ஏற வேண்டும், பிறகு மின்சாரமின்றிச் சும்மா நிற்கவும் வேண்டும். சென்ற முறை ஊருக்குப் போகும் அவசரத்தில், பெட்டியை அணைத்து, துடைத்த கையோடு அதன் கதவைச் சாத்திவிட்டுப் போனோம். திரும்பி வந்து திறந்தபோது உட்சுவரெங்கும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. அந்த வாடை போக ஒரு மாதம் ஆயிற்று. அழுக்கை எடுத்த நாங்கள் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறோம். இன்று முதல் புதிதாக எதையும் வாங்கி அடுக்குவதில்லை என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று.

ஜூன் 9

உறைபெட்டியில் இரண்டு விரற்கடைக்குப் பனிக்கட்டி. நேற்றிரவே மின்சாரத்தை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, கீழே பழைய துண்டுகளை விரித்திருந்தேன். காலையிலும் பாதி ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டதும் கத்தியை எடுக்கக் கை துறுதுறுத்தது உண்மை. ஆனால் அந்த மெல்லிய அலுமினியத் தகட்டோடு ஒட்டித்தான் குளிரூட்டும் வாயு செல்லும் குழாய் ஓடுகிறது. அதில் ஓர் ஓட்டை விழுந்தால் வாயு வெளியேறிவிடும். இப்போது பல பெட்டிகளில் இருக்கும் ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியதும்கூட. கிண்ணத்தில் வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்தியதில் அரை மணியில் பாளம் பாளமாக விழுந்தது.

ஜூன் 10

கண்ணாடித் தட்டுகளைக் கழற்றி, குளிர்ச்சி முழுதும் அடங்கிவிட்டதா என்று தொட்டுப் பார்த்த பிறகே வெதுவெதுப்பான நீரைக் காட்டினேன்; சில்லென்ற கண்ணாடியில் சுடுநீர் பட்டால் விரிசல் விடலாம். உட்புறத்துக்கு ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா போதும். வாசனைச் சோப்பு வேண்டாம், அதன் மணம் பிளாஸ்டிக்கில் தங்கி உணவில் ஏறும். கதவு ரப்பரின் மடிப்புகளைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தபோது வந்த கறுப்பைப் பற்றி எழுதாமல் இருப்பதே மரியாதை.

உண்மையான கண்டுபிடிப்பு மாலையில்தான் நடந்தது. உட்புறம் பின்சுவரின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. சுவரில் உருகும் நீர் அதன் வழியே இறங்கி, பின்னால் கம்ப்ரஸரின் மேலிருக்கும் தட்டில் சேர்ந்து, அதன் சூட்டில் ஆவியாகிப் போகும். எங்கள் வீட்டில் அந்தத் தட்டை எட்டு ஆண்டுகளாக யாரும் பார்த்ததில்லை. ஊசியில்லாத சிரிஞ்சால் துளையில் வெந்நீரைச் செலுத்தியதும் அடைப்பு விலகி, கொழகொழவென்ற கசடு தட்டில் வந்து விழுந்தது. அவ்வப்போது வந்துபோன, உள்ளிருக்கும் உணவின் மேல் நாங்கள் பழிபோட்ட அந்த நாற்றத்தின் பிறப்பிடம் இதுதான்.

ஜூன் 11

காய்கிறது. கதவை விரியத் திறந்து, எதிரே மின்விசிறியை வைத்திருக்கிறேன்.

பத்து நாள் பயணம் போகும் அக்கா, தன் பெட்டியையும் அணைத்துவிடட்டுமா என்று தொலைபேசியில் கேட்டாள். தேவையில்லை, கெடக்கூடியவற்றை மட்டும் எடுத்துவிட்டு ஓடவிட்டுப் போ என்றேன். உறைபெட்டியில் ஒரு குவளை நீரை உறையவைத்து அதன்மேல் நாணயம் ஒன்றை வைக்கவும் சொன்னேன். திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால், இடையில் மின்சாரம் நெடுநேரம் போயிருந்தது என்று அர்த்தம்.

ஜூன் 12

வண்டியில் பெட்டியைப் படுக்கவைக்க முயன்றார்கள்; நான் விடவில்லை. படுத்தால் கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும், நிமிர்த்திய உடனே இயக்கினால் இயந்திரம் பழுதாகலாம். கதவைப் பசை நாடாவால் ஒட்டாமல் கயிற்றால் கட்டினோம். புது வீட்டில் அதே கயிற்றைத் தளர்த்தி, நான்கு விரல் இடைவெளிக்கு மேல் திறக்காதபடி மீண்டும் கட்டினேன். காற்று போகும், குழந்தை நுழைய முடியாது. வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய தாழ்ப்பாள் வைத்த பழைய பெட்டிகளுக்குள் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால்தான், கதவு உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956இல் சட்டமே வந்தது.

ஜூலை 5

நேற்று திரும்பியதும் முதலில் கயிற்றை அவிழ்த்து மூக்கை உள்ளே நீட்டினேன். வெறும் பிளாஸ்டிக் வாடைதான். முன்கால்களைச் சற்று உயர்த்தி, கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு இயக்கினேன். தண்ணீர்க் குவளைக்குள் வைத்த வெப்பமானி இன்று காலை 4 டிகிரி காட்டியது. உறைபெட்டியில் மைனஸ் 18. இனி சந்தைக்குப் போகலாம்.